ஆரவாரமில்லாத கப்பல்: வாசகர் கேள்வி பதில்

உல்லாசக் கப்பல் பயணம் பற்றி மலையகத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன. சறுக்குமரமும் விடிய விடியப் பாட்டும் இல்லாமல், கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கக்கூடிய கப்பல் எது, பணம் கட்டுவதற்கு முன்பே அதை அடையாளம் காண்பது எப்படி? இந்த இதழ் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

விளம்பரத்தில் எல்லாக் கப்பலும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. நடுத்தரக் கப்பல் என்றால் எவ்வளவு பெரியது? அதில் அப்படி என்ன விசேஷம்?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நுவரெலியா

இரண்டு எண்களைத் தேடி எடுங்கள். ஒன்று கப்பலின் மொத்தத் தொன். இது எடையல்ல, உட்புறக் கொள்ளளவைக் கொண்டு கணிக்கப்படுவது. மற்றது, அறைக்கு இருவர் என்ற கணக்கில் பயணிகள் தொகை. 30,000 முதல் 90,000 தொன் வரை, 700 முதல் 2,000 பேர் வரை ஏற்றும் கப்பல்களை நடுத்தரம் என்று கொள்ளலாம். 2000ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட ஸான்டாம் நல்ல உதாரணம்: 61,396 தொன், 237 மீற்றர் நீளம், 1,432 பயணிகள். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகொன் ஒஃப் த சீஸ் கப்பலோ 248,663 தொன், 5,610 பயணிகள்.

தொன்னைப் பயணிகள் தொகையால் வகுத்தால் தலைக்குக் கிடைக்கும் இடத்தின் அளவு வரும். ஸான்டாமுக்கு ஏறத்தாழ 43, ஐகொனுக்கு 44. முகவர்கள் இந்தக் கணக்கைக் காட்டி "பெரிய கப்பலில்தான் இடம் அதிகம்" என்பார்கள். எண் சரிதான். ஆனால் பெரிய கப்பலில் அந்த இடத்தின் பெரும்பகுதி நீர்ச்சறுக்கலுக்கும் அரங்குகளுக்கும் கடைத்தெருவுக்கும் போய்விடுகிறது. அதைவிட முக்கியம், துறைமுகத்தில் ஒரே காலையில் படியிறங்குவது 1,400 பேரா, 5,600 பேரா என்பது. பினாங்கில் பஸ் பிடிக்க நிற்கும் வரிசை அந்த எண்ணைப் பொறுத்தே நீளும்.

ஸான்டாமின் வயதுக் கப்பல்கள் பலவற்றின் அகலம் 32 மீற்றரை ஒட்டியே இருக்கும். பனாமா கால்வாயின் பழைய நீர்ப்பூட்டுகள் (கப்பலை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகள்) அதற்கு மேல் அகலமான கப்பலை விடவில்லை; அகலமான புதிய பூட்டுகள் 2016இல்தான் திறந்தன. அந்தக் கட்டுப்பாடு நமக்கு நல்லதாகவே அமைந்தது. கப்பல் ஒடுக்கமாக இருப்பதால் உள்ளே எங்கு உட்கார்ந்தாலும் ஏதாவதொரு பக்கத்து யன்னல் கிட்டத்தில் இருக்கிறது. மிக அகலமான கப்பலில் நடுவிலுள்ள இருக்கைகளிலிருந்து கடலே தெரியாது.

அடுத்து, கப்பலின் தளப்படத்தை வாங்கிப் பாருங்கள். கப்பலை முழுவதும் சுற்றி வரும் திறந்த நடைபாதைத் தளம் இருக்கிறதா? எங்கள் பார்வையில் அமைதியான கப்பலுக்கு முதல் அடையாளம் அதுதான். 240 மீற்றர் கப்பலில் நான்கு சுற்று நடந்தால் ஏறத்தாழ ஒரு மைல். அதன் சாய்கதிரையில் உட்கார்ந்தால் கடல் ஏழெட்டு மாடிக்குக் கீழே அல்ல, கண்ணுக்குக் கிட்டத்திலேயே ஓடும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நம் தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே கப்பல் போகும்போது நீலத்திமிங்கிலம் விடும் மூச்சுநீரை இந்தத் தளத்திலிருந்து காண வாய்ப்புண்டு. காலை வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டும்.

அளவு மட்டும் அமைதியைத் தீர்மானிப்பதில்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கிய எம்பிரஸ் கப்பல் 48,563 தொன்தான். ஆனால் அறைக்கு இருவர் என்று பார்த்தால் சுமார் 1,600 பேர். தலைக்கு 30 மட்டுமே. பயணமும் சில இரவுகள்தான். இரண்டு, மூன்று இரவுப் பயணம் என்றால் எந்தக் கம்பனியானாலும் கொண்டாட வரும் கூட்டம்தான் ஏறும். ஏழு இரவுக்கு மேற்பட்ட பயணத்தில் வயதானவர்கள் கூடுவார்கள், இரவு பத்தரைக்கே தாழ்வாரம் அடங்கிவிடும். சிங்கப்பூரிலிருந்து போவதானால் அங்கு பாடசாலை விடுமுறையான ஜூன் மாதத்தையும் நவம்பர் கடைசி முதல் டிசம்பர் வரையான காலத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

முகவரிடம் கேட்க இன்னொரு கேள்வி: ஒலிபெருக்கி அறிவிப்பு நாளுக்கு எத்தனை முறை? நண்பகலில் கப்டன் ஒருமுறை பேசுவதோடு நிறுத்தும் கப்பல்களும் இருக்கின்றன, பிங்கோவுக்கும் ஏலத்துக்கும் மணிக்கொருமுறை கூப்பிடும் கப்பல்களும் இருக்கின்றன.

ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போவதற்குள் பஸ்ஸில் இரண்டு முறையாவது வாந்தி எடுப்பேன். எனக்குக் கப்பல் சரிவருமா?
– இல்லத்தரசி, கொட்டகலை

வரும், கடலையும் கப்பலையும் பார்த்துத் தெரிவு செய்தால். கண் காண்பதும் உட்காது உணர்வதும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. கினிகத்தேனை வளைவுகளில் முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு உடம்பு இடமும் வலமும் தள்ளப்படுவது இதற்கு நேர் உதாரணம். கடலில் மிகவும் தொல்லை தருவது ஐந்து செக்கனுக்கு ஒருமுறை போன்ற கதியில் மேலும் கீழும் ஏறி இறங்கும் அசைவு. சிறு படகுகளில் அது கிட்டத்தட்ட அப்படியே வரும். 240 மீற்றர் கப்பலில் அசைவு நீண்டு நிதானமாகிவிடுவதால் பலருக்கு உறைப்பதே இல்லை.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆழ்கடலில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலுள்ள செக்கன்களை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 1.56 ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீற்றரில் கிடைக்கும். 8 செக்கன் அலை 100 மீற்றர். 240 மீற்றர் கப்பல் அப்படியான இரண்டு அலைகளின் மேல் ஒரே நேரத்தில் படுத்திருப்பதால் முன்முனை பெரிதாக எழும்பாது. 12 செக்கன் அலையோ 225 மீற்றர், அதாவது கப்பலின் நீளத்தை ஒட்டியது. தூரத்துப் புயலிலிருந்து வரும் அப்படியான அலையில் பெரிய கப்பலும் தலையாட்டும். ஆகவே வானிலைப் படத்தில் அலையின் உயரத்தை மட்டும் பார்க்காமல் செக்கனையும் பாருங்கள்.

கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் நீட்டப்படும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு குறைக்கின்றன. முன்பின் ஆட்டத்தை அவற்றால் குறைக்க முடியாது. கப்பல் வேகமாகப் போகும்போதுதான் அவை நன்றாக வேலை செய்யும். நங்கூரமிட்டு நிற்கையில் சிறு ஆட்டம் திரும்ப வருவது அதனால்தான்.

முதற் பயணத்துக்கு மலாக்கா நீரிணையைத் தெரிந்தெடுங்கள். சிங்கப்பூர், போர்ட் கிளாங், பினாங்கு என்று போகும் வழி அது. சுமாத்திரா தீவு மேற்கே மறித்து நிற்பதால் இந்து சமுத்திரத்தின் நெடிய அலை அங்கு நுழைவதில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் திடீர்க் காற்றும் மழையும் வந்து ஓரிரு மணித்தியாலத்தில் போய்விடும், அவ்வளவுதான். மே முதல் செப்டெம்பர் வரை நம் மேற்குக் கடலும் அரபிக் கடலும் தென்மேல் பருவக்காற்றில் கொந்தளிக்கும். அந்த வழியை அப்போது எடுக்காதீர்கள். வங்காள விரிகுடாவில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை சூறாவளிக் காலம்.

மருந்து என்றால், வாந்தி தொடங்கிய பிறகு விழுங்குவதில் பயன் குறைவு. சின்னரிசின் மாத்திரையைப் பெரியவர்கள் பயணத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு 30 மில்லிகிராமும், பிறகு எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 15 மில்லிகிராமும் எடுப்பது வழக்கம். தூக்கம் வரும், மதுவோடு சேர்க்கக்கூடாது, பார்கின்சன் நோயுள்ளவர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகளும் வேறு மருந்து எடுப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். இலேசான குமட்டலுக்கு இஞ்சி சிலருக்குக் கைகொடுக்கிறது. வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. உப்பு பிஸ்கட் போதும். அறைக்குள் படுத்துக்கொண்டு தொலைபேசியைப் பார்ப்பதைவிட நடைபாதைத் தளத்தின் நடுப்பகுதியில் நின்று அடிவானத்தைப் பாருங்கள்.

அறை தெரிவு செய்யச் சொல்லித் தளப்படம் அனுப்பியிருக்கிறார்கள். விலை கூடியது மேல்மாடியில். அதுதான் நல்லதா?
– அரச ஊழியர், பதுளை

அமைதிக்கு அதுவல்ல. ஆட்டம் மிகக் குறைவாக இருப்பது கீழ்த்தளத்தில், நீளவாக்கில் கப்பலின் நடுவில். விலையும் அங்கே குறைவு. பல்கனி வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் பல்கனி அறைகளில் மிகக் கீழானதை எடுங்கள்.

அறை இலக்கத்தை உறுதி செய்யுமுன் அதற்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று அடுத்தடுத்த தளங்களின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். மேலும் கீழும் அறைகளே இருந்தால் எடுத்துவிடுங்கள். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையில் கதிரை இழுக்கும் சத்தம். மேலே சமையற்கூடம் என்றால் இரவிரவாகத் தள்ளுவண்டி. கீழே அரங்கம் இருந்தால் நள்ளிரவு வரை மேளத்தின் அதிர்வு. முன்முனையின் கீழ்த்தளத்தில் படுப்பவரை, கப்பல் துறைமுகத்தை அணையும்போது பக்கவாட்டு உந்திகளின் உறுமல் ஆறு மணிக்கே எழுப்பிவிடும். பின்முனையில் சுழலிகளின் நடுக்கம். லிப்டுக்கு நேர் எதிரே வேண்டாம், நாலைந்து அறை தள்ளி எடுங்கள். பக்கத்து அறையோடு இணைப்புக் கதவு இருந்தால் பேச்சுச் சத்தம் அப்படியே கேட்கும்; படத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே சிறு அம்புக்குறியோ கோடோ இருந்தால் அதுதான் அது.

நடைபாதைத் தளத்து யன்னல் அறைகளில் பகல் முழுவதும் ஆட்கள் கண்ணாடிக்கு வெளியே நடப்பார்கள். அதற்கு மேல்தளத்தில் உயிர்காப்புப் படகு காட்சியை மறிக்கலாம். "அறையைக் கம்பனியே ஒதுக்கும்" என்ற மலிவுச்சீட்டு வாங்கினால் இந்தத் தெரிவுகள் எதுவும் உங்கள் கையில் இல்லை. சத்தத்துக்குப் பயந்தவர்கள் அதை எடுக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

யன்னலில்லாத உள்ளறை மலிவு, நல்ல இருட்டு. சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நாலு கொண்டுபோனால் தொப்பி, பை எல்லாம் தொங்கவிடலாம். நம் வீட்டு பிளக் அங்கு பொருந்தாது. அமெரிக்க, ஐரோப்பிய வகைக்கு மாற்றி தேவை. மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் வயர், மின்அழுத்தி, கேத்தல் மூன்றையும் ஏறும்போதே எடுத்துவைத்துக்கொள்வார்கள்.

கேத்தல் கூடாதென்றால் தேத்தண்ணிக்கு என்ன வழி? தூள் கொண்டுபோகலாமா?
– தொழிற்சாலை அலுவலர், தலவாக்கலை

கட்டிய பக்கற்றில் கொண்டுபோகலாம். குறை தூளில் இல்லை, தண்ணீரில். உணவுத் தளத்திலுள்ள வெந்நீர்க் குழாய் தண்ணீரைச் சூடாக வைத்திருக்கிறதே தவிர, கொதிக்க வைப்பதில்லை. அதில் போட்ட தூள் நிறம் விடும், சாறு இறங்காது. காலையில் மேசைக்குப் பரிமாறும் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, புதிதாகக் கொதித்த தண்ணீரை மூடியுள்ள பானையில் கேளுங்கள். தூளை நீங்களே போடுங்கள்: 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம்.

ஒன்றைக் கவனியுங்கள். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்தில் 100. ஆகவே நிஜமாகவே கொதித்த தண்ணீர் கிடைத்தால் வீட்டில் விடும் நேரத்தைவிட அரை நிமிடம் குறைத்து வடித்துப் பாருங்கள். கப்பல் நீர் கடல்நீரை நன்னீராக்கி குளோரின் சேர்த்தது; நம் ஊற்றுத்தண்ணீரின் ருசி வராது. பால் பெரும்பாலும் பெட்டிப் பால் என்பதால் பிளேன்டீயே மேல். பிரித்தானியப் பயணிகளை ஏற்றும் கப்பல்களில் அறையிலேயே கேத்தல் வைத்திருப்பதுண்டு. பதிவு செய்யும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப்போகலாமா?
– ஆசிரியை, பண்டாரவளை

நடுத்தரக் கப்பல் அவர்களுக்கு மிகவும் ஏற்றது: அறையிலிருந்து சாப்பாட்டு அறைக்கு நடக்கும் தூரம் குறைவு, லிப்டில் நெரிசலும் குறைவு. மூன்று விடயங்களை முன்பே கேளுங்கள். குளியலறை வாசற்படி எவ்வளவு உயரம்? குளிக்குமிடத்தில் கைப்பிடி இருக்கிறதா? எந்தெந்த ஊரில் கப்பல் கரையணைகிறது, எங்கே நங்கூரமிட்டுச் சிறுபடகில் இறக்குகிறது? சிறுபடகுக்கு அடியெடுத்து வைக்கும் இடம் அலையோடு ஏறி இறங்கும்; முழங்கால் வலியுள்ளவருக்கு அது கஷ்டம். அந்த நாளில் அம்மா கப்பலிலேயே இருக்கலாம். எல்லோரும் இறங்கிய பின் காலியான தளம் அவருக்கே சொந்தம்.

மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிகள் அறைக்கு வர மாலையாகிவிடும். கப்பல் வைத்தியசாலையில் கட்டணம் அதிகம். அவசரத்துக்குக் கரைக்கோ வேறு நாட்டுக்கோ மாற்றும் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதி இல்லாமல் ஏறவேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்களைப் படிவத்தில் மறைத்தால் காப்புறுதிப் பணம் கிடைக்காது.

வயிற்றோட்டம் பரப்பும் நோரோவைரஸ் கிருமிக்குக் கைத்தொற்றுநீக்கித் திரவம் போதாது. சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவவேண்டும், பொதுக் கரண்டியைத் தொட்ட பிறகு சாப்பிடுமுன் மறுபடியும்.

2012 ஜனவரியில் கொஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பின்னர் விதி இறுகியது. 2015 முதல் கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பாதுகாப்புப் பயிற்சி நடந்தாக வேண்டும். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் ஒன்றுகூடும் இடத்துக்குப் போகவேண்டும். அறையிலிருந்து அந்த இடத்துக்கு லிப்ட் இல்லாமல் எத்தனை படி என்று முதல் நாளே பெற்றோருடன் நடந்து பாருங்கள்.

விளம்பர விலைக்கு மேல் என்னென்ன வரும்? விசா?
– வியாபாரி, கம்பளை

விலை அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஓராளுக்கு. தனியாகப் போனால் இரண்டு பேரின் காசை வாங்கும் கம்பனிகள் உண்டு. ஊழியர் வெகுமதி என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டொலர் வரை தானாகக் கணக்கில் ஏறும். குடிபானம், இணையம், சலவை, கரைச்சுற்றுலா எல்லாம் தனி. ஏறும் நாளில் அட்டையில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். டெபிட் அட்டை கொடுத்தால் அந்தக் காசு விடுபடப் பல நாளாகும், ஆகையால் கடனட்டையே நல்லது. வெளிநாட்டுப் பாவனைக்கு வங்கியிடம் முன்பே சொல்லிவையுங்கள். சைவச் சாப்பாடு, ஹலால் வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவியுங்கள்.

கடவுச்சீட்டு, பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். சிங்கப்பூருக்கு நம் கடவுச்சீட்டுக்கு முன்விசா தேவையில்லை. வருகை அட்டையை, போய்ச் சேருமுன் மூன்று நாளுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பவேண்டும், கப்பலில் திரும்பி வரும்போதும் இன்னொன்று. ஆனால் வழியிலுள்ள ஒரு நாட்டுக்கு விசா இல்லையென்றால், அங்கே இறங்கப்போவதில்லை என்று நீங்கள் சொன்னாலும் முதல் துறைமுகத்திலேயே ஏற்றாமல் விடலாம். ஐரோப்பாவில் பார்சிலோனாவில் ஏறி, ஆபிரிக்காவின் துனிசைத் தொட்டுத் திரும்பினால் ஐரோப்பாவுக்குள் மறுபடி நுழைவதாகிறது; ஆகவே ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) பலமுறை நுழைவதற்கானதாக இருக்கவேண்டும். ஒருமுறை விசாவோடு போய் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கப்பல் புறப்படும் நாளில் போய் இறங்கத் திட்டமிடாதீர்கள். கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூர் நாலு மணித்தியாலம்தான், ஆனால் மழைக்காலத்தில் மலையிறங்கும் வீதியில் ஒரு மண்சரிவு போதும். முதல்நாளே சேர்ந்துவிடுங்கள். புறப்படுவதற்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே பதிவை மூடிவிடுவார்கள்.

கொழும்புக்கு வரும் கப்பல் பயணிகளை வேனில் மலைக்கு அழைத்துவரச் சொல்லிக் கேட்கிறார்கள். நேரம் போதுமா?
– வேன் சாரதி, கண்டி

கண்டி வரை போதும், நுவரெலியாவுக்குப் போதாது. துறைமுகத்திலிருந்து கண்டி 115 கிலோமீற்றர், ஒரு வழிக்கு மூன்று முதல் மூன்றரை மணித்தியாலம். காலை எட்டுக்கு வாசலை விட்டால் பதினொன்றரை. கப்பல் மாலை ஆறுக்கு என்றால் ஐந்தரைக்குள் எல்லோரும் ஏறியிருக்கவேண்டும். பிற்பகல் ஒரு மணிக்கு வண்டி திரும்பியாகவேண்டும். இதற்குள் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, தேயிலைத் தொழிற்சாலை மூன்றும் அடங்காது. நகர நெரிசலுக்குள் போகாமல் பேராதனையோடு திரும்பி, வழியில் பின்னவலையைச் சேர்ப்பது பாதுகாப்பான திட்டம். அம்பாந்தோட்டைக்கு வரும் கப்பலென்றால் எல்ல ஏறத்தாழ 100 கிலோமீற்றர், வசதியாகப் போய்வரலாம். திரும்பும் பயணத்தை மட்டும் ரயிலை நம்பி வைக்காதீர்கள்.

கப்பலே ஒழுங்குசெய்த பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். உங்கள் வேனுக்குக் காத்திருக்காது. ஆகவே ஒரு மணித்தியாலமாவது கையிருப்பு வையுங்கள். கப்பலின் மணிக்கூடு இலங்கை நேரத்தில் இல்லாமல் இருக்கலாம்; ஏறவேண்டிய நேரத்தைப் பயணியின் அட்டையிலோ கப்பலின் நாளாந்த நிகழ்ச்சித்தாளிலோ கண்ணால் பார்த்து, எந்த நேரக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமைதியான கப்பலில் வருபவர்கள் அநேகம் அறுபதைத் தாண்டியவர்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு நல்ல கழிவறை, குறைந்த படிகள், ஒரேயொரு கடை என்று வைத்தால் அடுத்த கப்பலுக்கும் உங்கள் பெயரைச் சொல்லி அனுப்புவார்கள்.

இப்படியான கப்பலில் வேலை வாங்கித்தர ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?
– இளைஞர், மஸ்கெலியா

கொடுக்காதீர்கள். இலங்கையும் ஏற்றுக்கொண்ட 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழில் உடன்படிக்கையின்படி, வேலை தேடித்தருவதற்குக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவுதான் உங்களுடையது. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் முடியுங்கள்: கடலில் உயிர்தப்புதல், தீயணைப்பு, முதலுதவி, தற்பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும். ஹொட்டேல் துறைச் சான்றிதழோடு ஆங்கிலம் பேசவும் தெரிந்தால் சாப்பாட்டு அறை, அறைப் பராமரிப்பு வேலைகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அதே உடன்படிக்கை 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலமும், ஏழு நாளில் 77 மணித்தியாலமும் ஓய்வு தரச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் சம்பளம், மாதங்கள், திரும்பி வரும் விமானச்சீட்டு மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தபிறகே கையெழுத்திடுங்கள்.